ரொக் பாண்ட் தேடிப் பிடிக்கிறது எப்பிடி: யாழ்ப்பாணத்துக் காதுக்கு ஒரு வழி

ரொக் எண்டால் வெறும் சத்தமும் கத்தலும் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கும், ரெண்டு மூண்டு பாண்ட் பிடிச்சுப்போய் அதுக்குப் பிறகு எங்க போறது எண்டு தெரியாமல் அதே பாட்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கும் தான் இதை எழுதுறன். எனக்கு இது உயிர். ஒரு புது பாண்டைக் கண்டுபிடிச்ச அண்டைக்கு இரவு நித்திரை வராது, விடிய எழும்பி ஆருக்காவது அனுப்பினால் தான் மனம் ஆறும், அந்தச் சந்தோசம் இஞ்ச இன்னும் கொஞ்சப் பேருக்குக் கிடைக்க வேணும்.

சொல்ல வாற விசயம் ஒண்டு தான். பாட்டுக்குப் பின்னால போகாமல் ஆக்களுக்குப் பின்னால போங்கோ. ஒரு பாட்டுப் பிடிச்சுதோ, அதில கிற்றார் வாசிச்சது ஆர், ட்ரம்ஸ் ஆர், ஸ்டூடியோவில பதிவு செய்தது ஆர், அவையள் சின்னனில ஆரைக் கேட்டு வளந்தவை எண்டு பாருங்கோ, அப்பிடி ஒவ்வொரு ஆளாப் பிடிச்சுக்கொண்டு போனால் வாழ்நாள் முழுக்கக் கேட்டாலும் முடியாது. ஆப் தாற சிபாரிசை நானும் பாக்கிறனான், அதில நல்லதும் வரும், ஆனால் நீங்கள் ஏற்கெனவே கேட்டதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறதைத் தான் அது கூடத் தரும். ஒரு மெற்றல் (ரொக்கின்ர பாரமான வகை) பாண்டில இருந்து 1930களின்ர ஜாஸுக்கு அது உங்களைக் கூட்டிக்கொண்டு போறது அருமை, ஒரு ஆளின்ர கதை கூட்டிக்கொண்டு போயிடும்.

முதல் சாமான் விசயத்தை முடிச்சிடுவம். போன் ஸ்பீக்கரில ரொக் கேக்காதேங்கோ. தாழ்ந்த சுருதியில வாசிக்கிற பேஸ் கிற்றாரின்ர ஆகத் தடிச்ச கம்பி 41 ஹேர்ட்ஸ் அளவில அதிருது, போனில இருக்கிற சின்ன ஸ்பீக்கரால அந்தச் சத்தத்தைத் தர ஏலாது, அப்ப நீங்கள் கேக்கிறது பாண்டின்ர பாதி தான், பிறகு ரொக் எண்டால் கீச்சிடுது எண்டு சொல்லுறதில நியாயம் இல்லை. விலை கூடினது ஒண்டும் தேவையில்லை, காதுக்குள்ள வடிவா இறுகி நிக்கிற சாதாரண வயர் ஹெட்செட் காணும். வைஃபை இருக்கிற இடத்தில அல்பத்தை டவுன்லோட் பண்ணி வைச்சிட்டு டேட்டா இல்லாமல் ஆறுதலாக் கேளுங்கோ. ஷஃபிளை நிப்பாட்டுங்கோ, இது முக்கியம், அல்பத்தின்ர வரிசை சும்மா போட்டது இல்லை. சத்தம் பற்றியும் ஒண்டு: அமெரிக்காவில வேலைத்தலங்களுக்குச் சொல்லுற கணக்குப்படி 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடேக்கையும் நேரம் பாதியாக் குறையும், 100 டெசிபெல் எண்டால் 15 நிமிசம் தான். பஸ்ஸில எஞ்சின் இரைச்சலை மறைக்கிறதுக்கு வொல்யூமை முழுக்க ஏத்திறது தான் எங்கட பெடியள் கன பேர் செய்யிற வேலை, அது காதைத் தின்னும். பஸ்ஸில பழகின பாட்டைக் குறைச்ச சத்தத்தில கேளுங்கோ, புதுசை வீட்டில இருந்து கேளுங்கோ.

இனி எப்பிடிக் கேக்கிறது எண்டதுக்கு வருவம், இதில தான் கொஞ்சம் மினக்கெட வேணும்.

எங்களுக்குச் சினிமாப் பாட்டில வளந்த காது. அந்தக் காது முதல்ல குரலைத் தேடும், குரலில ராகம் பிடிபடேல்லை எண்டால் பாட்டே இல்லை எண்டு முடிவு கட்டிடும். ரொக் பாண்டில குரல் நாலில ஒண்டு. கிற்றார், பேஸ், ட்ரம்ஸ் எண்ட மற்ற மூண்டையும் தனித்தனியாப் பிடிக்கப் பழக வேணும். அதுக்கு முதல் நீங்கள் பாடமாத் தெரிஞ்சு வைச்சிருக்கிற ஒரு ரஹ்மான் பாட்டை எடுங்கோ. அவர்ர கன பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்சவர் கீத் பீற்றர்ஸ், பாடகரை விட்டிட்டு அந்த பேஸை மட்டும் தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் பிடிச்சுக்கொண்டு போய்ப் பாருங்கோ, தெரிஞ்ச பாட்டுக்குள்ள தெரியாத இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டு இருந்தது விளங்கும். ரஹ்மானும் சினிமாவுக்கு வர முதல் சென்னையில நெமசிஸ் அவெனியூ எண்ட ரொக் பாண்டில இருந்த மனுசன் தான்.

அது பழகினாப் பிறகு ஒரு முழு ரொக் அல்பத்தை எடுத்து மூண்டு தரம் கேளுங்கோ. முதல் தரம் ஒண்டையும் யோசிக்காமல், நடந்துகொண்டோ வீட்டு வேலை செய்துகொண்டோ. ரெண்டாந்தரம் ட்ரம்ஸை மட்டும். மூண்டாந்தரம் பேஸை மட்டும். மூண்டு தரம் கேட்டும் ஒண்டும் ஒட்டேல்லை எண்டால் விட்டிடுங்கோ, அது உங்களுக்குரியது இல்லை, இல்லாட்டி இன்னும் நேரம் வரேல்லை. ஆனால் ஒரே தரத்தில தீர்ப்புச் சொல்லாதேங்கோ, எனக்கு இண்டைக்கு ஆகலும் பிடிச்ச அல்பங்களில பாதி முதல்தரம் ஒண்டுமே விளங்காமல் போனது தான்.

முதல் அல்பம் எது எண்டு கேட்டால் நான் பிளாக் சபத்தைச் சொல்லுவன். 1968ல இங்கிலாந்தின்ர பேர்மிங்காமில சேர்ந்த நாலு பேர், முதல் அல்பம் 1970 பெப்ரவரி 13 வந்தது, அதின்ர பெரும்பகுதியை ஒரே நாளில பதிவு செய்து முடிச்சவை. கிற்றார் டோனி அயோமி. இந்த ஆளின்ர கதை தெரிஞ்சால் அந்தச் சத்தம் வேற மாதிரிக் கேக்கும். பதினேழு வயசில தகரம் வெட்டுற பக்டரியில வேலை, மெசினுக்குள்ள அம்பிட்டு வலக்கையில ரெண்டு விரல் நுனி போயிட்டுது, ஆள் இடக்கைக்காரர், அப்ப வலக்கை தான் கம்பியை அமத்திற கை. கிற்றார் இனி இல்லை எண்டு இருந்த ஆளுக்குப் பக்டரி மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேக்கச் சொல்லிக் குடுத்தார், அதில வாசிச்சது ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928ல தான் இருந்த வண்டில் தீப்பிடிச்சதில கை எரிஞ்சு ரெண்டு விரல் சரியா இயங்காமல் போயும் உலகம் மெச்சின ஜாஸ் கிற்றார்காரர். அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேல தோல் ஒட்டி, மெல்லிய கம்பி போட்டுத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார், பேந்து கம்பி இழுவை குறையட்டும் எண்டு சுருதியையும் இறக்கினார், 1971ல வந்த மூண்டாவது அல்பத்தில அந்த இறக்கின சுருதி நல்லா விளங்கும். மெற்றலுக்கு எண்டு இருக்கிற அந்தப் பாரமான, இருண்ட சத்தத்தில ஒரு பெரிய பங்கு அந்த விரல்களில இருந்து வந்தது தான். இப்ப பாருங்கோ, சபத்தைக் கேட்டு முடிச்சாப் பிறகு அடுத்ததா என்னத்தைக் கேக்கிறது? ஜாங்கோவை. ஒரே ஆள் உங்களை நாப்பது வருசம் பின்னால, வேற ஒரு இசைக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டார்.

தாளம் விசயத்தில யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இருக்கிற பலத்தை எங்கட சனமே உணருறேல்லை எண்டு எனக்கு மனவருத்தம். கோயில் திருவிழாவில இரவிரவாத் தவில் கேட்டு வளந்த ஊர் இது, தட்சணாமூர்த்தியின்ர தவில் பதிவுகள் இப்பவும் யூடியூப்பில கிடக்கு, ஒருக்காக் கேட்டிட்டு வந்து லெட் செப்பலின் பாண்டின்ர ட்ரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹமைக் கேளுங்கோ. 1975ல வந்த காஷ்மீர் எண்ட பாட்டில ட்ரம்ஸ் நாலு நாலா நேர நடக்கும், கிற்றார் மூண்டு மூண்டாச் சுத்தும், ரெண்டும் தனித்தனி வழியில போய்ப் பன்னிரண்டு எண்ணிக்கையில வந்து ஒண்டாச் சேரும். வெள்ளைக்காரர் கட்டுரை கட்டுரையா விளக்கிற இந்த விசயத்தை, கணக்கு முடிச்சுச் சமத்துக்கு வாறதைப் பாத்துத் தலையாட்டிப் பழகின எங்கட ஆக்கள் கையால தொடையில தட்டியே பிடிச்சிடுவினம்.

பிங்க் ஃபுளொயிட்டின்ர மணி எண்ட பாட்டு, 1973ல வந்த த டார்க் சைட் ஒஃப் த மூன் அல்பத்தில இருக்கு, அது ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி எண்டு மிஸ்ர சாபு சொல்லிக்கொண்டு கேளுங்கோ, சக்ஸஃபோன் முடிஞ்சு கிற்றார் தனியா வாசிக்கத் தொடங்கிற இடத்தில ஏழு நாலாக மாறும், அந்த மாறுற இடத்தைப் பிடிச்சீங்கள் எண்டால் உடம்பு சிலிர்க்கும். ரேடியோஹெட் 2007ல விட்ட இன் ரெயின்போஸ் அல்பத்தின்ர முதல் பாட்டு அஞ்சு, தக தகிட எண்டு பிடியுங்கோ. (அந்த அல்பத்தை அவை இன்டர்நெட்டில போட்டு, விலையை நீங்களே தீர்மானியுங்கோ, காசில்லாட்டி சும்மா எடுங்கோ எண்டு சொன்னவை, அது அந்த நேரம் பெரிய விசயம்.) டூல் எண்ட பாண்டின்ர லாற்றராலஸ் பாட்டில 9, 8, 7 எண்டு எண்ணிக்கை குறைஞ்சுகொண்டு வரும், பாடுற வரிகளின்ர அசைகளை ஃபிபொனாச்சி எண்வரிசைப்படி (முதல் ரெண்டு எண்ணைக் கூட்டினால் அடுத்தது வரும்) அடுக்கினவை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வீட்டில ஆராவது படிச்சிருந்தால் அவையைப் பக்கத்தில இருத்திக் கேளுங்கோ, மிருதங்கம் படிக்கிற தம்பி எண்டால் இன்னும் நல்லது, ரெண்டு பேருக்கும் பொழுது போறது தெரியாது.

இனி ஒராளில இருந்து இன்னொராளுக்கு நூல் பிடிச்சுப் போறதுக்கு வருவம். எங்கட ஆளில இருந்தே தொடங்கிறன். மாயா எண்ட எம்.ஐ.ஏ, சின்ன வயசில யாழ்ப்பாணத்தில இருந்து பிறகு லண்டனுக்கு அகதியாப் போன பிள்ளை, 2005ல தேப்பன்ர பேரில அருளர் எண்டு ஒரு அல்பம், 2007ல தாய்ன்ர பேரில கலா எண்டு ஒரு அல்பம். கலாவில இருக்கிற பேப்பர் பிளேன்ஸ் உலகம் முழுக்க ஓடினது. அது ரொக் இல்லை, ஆனால் அதில தொடக்கத்தில இருந்து சுத்திக்கொண்டு இருக்கிற கிற்றார் சத்தம் த க்ளாஷ் எண்ட லண்டன் பங்க் (வேகமான, முரட்டு ரொக்) பாண்டின்ர ஸ்ட்ரெயிட் டு ஹெல் பாட்டில இருந்து எடுத்தது, 1982. அந்தப் பாட்டு என்னத்தைப் பற்றி எண்டு தேடிப் பாருங்கோ: இங்கிலாந்தில வேலையில்லாமல் போன சனம், வியட்நாமில அமெரிக்க ஆமிக்காரர் பெத்துப்போட்டு விட்டிட்டுப் போன பிள்ளைகள், வந்து குடியேறினவை, இவையின்ர பாட்டு அது. விசா, குடியேறினவை எண்டு பாடுற ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கிற்றாரை எடுத்தது சும்மா இல்லை. அங்க இருந்து க்ளாஷின்ர லண்டன் கோலிங் அல்பம், 1979 கடைசியில வந்தது, பங்குக்குள்ள ரெகே எண்ட ஜமெய்க்கா இசை, ஜாஸ், பழைய ரொக் அண்ட் ரோல் எல்லாம் கிடக்கும். அவையின்ர முதல் அல்பத்தில ஜூனியர் மேர்வின் எண்ட ஜமெய்க்காப் பாடகரின்ர பொலிஸ் அண்ட் தீவ்ஸ் பாட்டைத் திருப்பிப் பாடியிருக்கினம். மேர்வினைக் கேளுங்கோ, அதை ப்ரொடியூஸ் பண்ணினது லீ பெரி, பிறகு அவர் கைபட்ட மற்ற ரெகே எல்லாம். ஒரு பாட்டில இருந்து நாலு நாளைக்குள்ள யாழ்ப்பாணம், லண்டன், ஜமெய்க்கா எண்டு போயிட்டு வந்தாச்சு.

இப்பிடி நூல் பிடிக்கிறதுக்கு மூண்டு இடம் இருக்கு. ஒண்டு, பாண்ட் ஆற்ற பாட்டைத் திருப்பிப் பாடுது எண்டு பாக்கிறது. இதுக்கு நிர்வானா எண்ட அமெரிக்க பாண்டின்ர எம்டிவி அன்பிளக்ட் கச்சேரியைப் போல ஒண்டு கிடையாது, 1993 நவம்பரில நியூயோர்க்கில பதிவு செய்தது. உலகத்தில ஆகப் பெரிய பாண்டுகளில ஒண்டா இருந்த நேரம், தங்கட பேர் போன பாட்டுகளை அடுக்கிறதை விட்டிட்டு இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவியின்ர ஒண்டு, கன பேருக்குத் தெரியாத ஸ்கொட்லாந்து பாண்ட் வாசலின்ஸின்ர ஒண்டு, மீற் பப்பெட்ஸின்ர மூண்டு, அதுக்கு அந்த பாண்டின்ர கேர்க்வுட் சகோதரரையே மேடைக்குக் கூப்பிட்டு வைச்சு, கடைசியா லெட் பெலி எண்ட பழைய கறுப்பின அமெரிக்கப் பாடகர் பாடின நாட்டுப் பாட்டு ஒண்டு. நிர்வானாவின்ர பாடகர் குர்ட் கோபேன் அண்டைக்கு நாலு கதவைத் திறந்து விட்டிட்டுப் போயிருக்கிறார், நாலுக்குள்ளயும் போய்ப் பாருங்கோ, எனக்கு லெட் பெலிக் கதவு தான் ஆக ஆழத்துக்குப் போனது.

ரெண்டாவது, பதிவு செய்த ஆள். அல்பத்தின்ர விக்கிப்பீடியாப் பக்கத்தில கீழ ஆர் ஆர் என்ன செய்தவை எண்டு இருக்கும், டிஸ்கொக்ஸ் எண்ட தளத்தில இன்னும் விபரமா இருக்கும். ஸ்டீவ் அல்பினி எண்ட பேரை எழுதி வையுங்கோ, 2024ல காலமான மனுசன், பிக்ஸீஸின்ர சேர்ஃபர் ரோசா, பீ.ஜே. ஹார்வியின்ர ரிட் ஒஃப் மீ, நிர்வானாவின்ர இன் யூட்டரோ மூண்டு அல்பமும் அவர் பதிவு செய்தது. மூண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ட்ரம்ஸ் அந்த அறைக்குள்ள நீங்களும் நிக்கிற மாதிரிக் கேக்கும், அது தான் அவர்ர கை. நீங்கள் ஒரு பாண்டைப் பிடிச்சிருக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பீங்கள், உண்மையில பிடிச்சது பதிவு செய்த ஆளின்ர காதா இருக்கும்.

அறை எண்டதும் இதைச் சொல்லாமல் போக ஏலாது. லெட் செப்பலினின்ர நாலாவது அல்பம், 1971, கடைசிப் பாட்டு வென் த லெவி பிரேக்ஸ். ஹெட்லி கிரேஞ்ச் எண்ட பழைய பெரிய வீட்டில பதிவு செய்தவை, பொன்ஹமின்ர ட்ரம்ஸைப் படிக்கட்டுக்குக் கீழ ஹோலில வைச்சு, மேல படிக்கட்டில இருந்து ரெண்டு மைக்கைத் தூக்கி விட்டு எடுத்தது. அந்த முதல் அடியைப் பிறகு ஹிப் ஹொப் காரர் வெட்டி வெட்டி எத்தினையோ பாட்டில போட்டிருக்கினம். ஆனால் பாட்டு செப்பலினின்ர சொந்தப் பாட்டு இல்லை, 1929ல மெம்பிஸ் மின்னி எண்ட கறுப்பினப் பெண்ணும் அவவின்ர புருசன் கன்சாஸ் ஜோ மெக்கோயும் பதிவு செய்தது, 1927ல மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து அணை உடைஞ்சு லட்சக்கணக்கான சனம் இடம்பெயர்ந்த வெள்ளத்தைப் பற்றினது. வீடு வாசலை விட்டிட்டு மூட்டையோட வெளிக்கிட்ட சனத்தின்ர பாட்டு எங்களுக்கு விளங்காமல் போகுமே. மின்னியின்ர பதிவைக் கேளுங்கோ, ரெண்டு கிற்றார், ஒரு குரல், அவ்வளவு தான், பழைய இசைத்தட்டின்ர இரைச்சலுக்குள்ளால வாற அந்தக் குரலுக்கு மேல ஒரு முழு ரொக் உலகமும் கட்டுப்பட்டிருக்கு. இதைக் கேட்டாப் பிறகு ப்ளூஸ் எண்ட கறுப்பின அமெரிக்கரின்ர இசை என்ன எண்டு ஒருத்தரும் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

மூண்டாவது, ஊர். நல்ல பாண்டுகள் தனிய முளைக்கிறது குறைவு. இணுவிலையும் அளவெட்டியையும் பாத்த எங்களுக்கு இது புதுசில்லை, ஒரு ஊரில நாலு குடும்பம் நாதஸ்வரம் தவில் எண்டு இருந்தால் ஒராளைப் பாத்து ஒராள் வளருவினம். பேர்மிங்காமில சபத் எண்டால் பக்கத்தில ஜூடாஸ் பிரீஸ்ற். சியாற்றிலைச் சுத்தி நிர்வானா, சவுண்ட்கார்டன், பேர்ள் ஜாம், அலிஸ் இன் செயின்ஸ், அங்க சப் பொப் எண்ட ஒரு சின்ன லேபிள் (அல்பம் வெளியிடுற கம்பனி) தான் கன பேரை முதல்ல வெளியில விட்டது. ஒரு பாண்ட் பிடிச்சால் அதே ஊரில அதே வருசத்தில வேற ஆர் இருந்தவை எண்டு தேடுங்கோ, லேபிளின்ர மற்ற ஆக்களையும் பாருங்கோ.

இங்கிலீஸ் தெரியாது, வரி விளங்கேல்லை எண்டு கனபேர் சொல்லுறவை. விளங்கத் தேவையில்லை எண்டதுக்கு நான் தாற மருந்து தினாரிவேன். மாலி நாட்டு வடக்குப் பாலைவனத்தின்ர துவாரெக் சனம், நாட்டை விட்டு அல்ஜீரியா, லிபியா எண்டு அலைஞ்ச பெடியள் 1979 அளவில தொடங்கின பாண்ட், தமாஷேக் மொழியில பாடுறவை, 2012ல கிராமி விருது எடுத்தவை. கிற்றார் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிக்கொண்டு போகும், கைதட்டல், ஒட்டகம் நடக்கிற வேகம், ஊரை விட்டு வந்த ஏக்கம், ஒரு சொல் விளங்காமலே கண் கலங்கும். அதே சனத்தில நைஜர் நாட்டில இருந்து வந்தவர் மடு மொக்தார், இடக்கைக்காரர், கிற்றார் வாங்க வழியில்லாமல் தானே ஒண்டைச் செய்து சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாப் போட்டவர். தொண்ணூறுகளில கரண்டும் பற்றறியும் இல்லாமல் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட ஊர் எங்கட ஊர், அந்த மனுசனை எங்களுக்கு வேற ஆரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவையின்ர பாட்டுகள் பாலைவனம் முழுக்கப் பரவினதும் போனில இருந்து போனுக்கு மெமரிக் காட்டிலயும் புளூடூத்திலயும் தான். 2021ல வந்த அஃப்ரிக் விக்டிம் அல்பத்தைச் சத்தமாக் கேளுங்கோ.

மொங்கோலியாவில த ஹூ எண்டு ஒரு பாண்ட், குதிரைத் தலை செதுக்கின ரெண்டு நரம்பு வாத்தியத்தில மெற்றல் வாசிக்கினம், தொண்டைக்குள்ளால பாடுற பாட்டு. டெல்லியில பிளட்டிவுட், டோலோட மெற்றல். இன்னும் கிட்ட வந்தால் பெங்களூரில அகம், தியாகராஜர் கிருதிகளை ரொக்காச் செய்யிறவை, சங்கீதம் படிச்சவைக்கு இது தான் முதல் வாசல். கேரளாவில மதர்ஜேன், அவையின்ர 2008 மக்தூப் அல்பத்தில பைஜு தர்மஜன் கிற்றாரில கமகம் எடுக்கிற மாதிரி நான் வேற ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை. அவியல், மலையாளத்தில ரொக். சென்னையில குரங்கன். அங்கயே த காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவும் பறையும் கிற்றாரும் ஒரே மேடையில, 2018 ஜனவரியில முதல் கச்சேரி, தமிழில சாதியை நேர எதிர்த்துப் பாடுறவை, அதைக் கட்டாயம் கேளுங்கோ, இஞ்சயும் எங்களுக்குத் தேவையான பாட்டு அது. எங்கட நாட்டில கொழும்பில ஸ்டிக்மாட்டா, கண்டியில பரனொயிட் எர்த்லிங். எல்லாத்தையும் ஒரே கிழமையில கேக்க வெளிக்கிடாதேங்கோ, ஒண்டும் மனசில நிக்காது.

கத்துற குரல் பற்றி ஒரு பந்தி எழுதவேணும், ஏன் எண்டால் கனபேர் திரும்பிப் போறது அந்த இடத்தில தான். மெற்றலில அந்த உறுமல் சும்மா தொண்டையைக் கிழிக்கிறது இல்லை, குரல் நாணுக்கு மேல இருக்கிற பொய்க் குரல் மடிப்புகளை அதிர வைச்சு, மூச்சை அடக்கிப் பழகிச் செய்யிற வித்தை, பிழையாச் செய்தால் குரல் போயிடும். அதை ஒரு வாத்தியமா நினைச்சுக் கேளுங்கோ. ஒத்துவரேல்லை எண்டால் குரலே இல்லாத பாட்டுகளில இருந்து போங்கோ, மெற்றலிக்காவின்ர 1986 அல்பம் மாஸ்ரர் ஒஃப் பப்பெட்ஸில ஓரியன் எண்டு எட்டு நிமிசத்துக்கு மேல ஒண்டு இருக்கு, பாட்டே இல்லை, க்ளிஃப் பேர்ட்டனின்ர பேஸ் அதுக்குள்ள அழும். அது பிடிச்சால் மற்றது தானா வரும்.

புதுசுகளுக்கு நான் போற இடங்கள்: சியாற்றில் வானொலி கேஈஎக்ஸ்பியின்ர யூடியூப் சனல், சின்ன அறைக்குள்ள பாண்டை இருத்தி முழுசா வாசிக்க விடுவினம், ஆர் என்ன செய்யினம் எண்டு கையைப் பாத்தே படிக்கலாம். மற்றது பாண்ட்காம்ப், பாண்டுகள் தங்கட பாட்டை நேர விக்கிற இணையத்தளம். அங்க பெரும்பாலான அல்பத்தை வாங்க முதல் முழுக்கக் கேக்கலாம், ஊர்ப் பேராலயும் தேடலாம். அதில என்ர ஆசை விசயம், ஒவ்வொரு அல்பத்துக்கும் கீழ அதை வாங்கின ஆக்களின்ர சின்னப் படங்கள் இருக்கும், அதை அமத்தினால் அவர் வாங்கின எல்லா அல்பமும் தெரியும். உங்களுக்குப் பிடிச்ச, ஒருத்தருக்கும் தெரியாத ரெண்டு அல்பத்தையும் வாங்கின ஒராளைக் கண்டீங்கள் எண்டால் அவர்ர பட்டியலை மேல இருந்து கீழ மட்டும் கேளுங்கோ, உலகத்தில எங்கயோ இருக்கிற அந்த ஆளுக்கு உங்கட காது தான்.

ஒரு கொப்பி வையுங்கோ, போனில நோட்ஸ் எண்டாலும் சரி. பாண்ட், ஊர், வருசம், பிடிச்ச ஒரு இடம், பிறகு இதில இருந்து போக வேண்டிய ரெண்டு மூண்டு ஆக்களின்ர பேர். பிடிச்ச இடத்தை நிமிசக் கணக்கோட எழுதுங்கோ, நாலாவது நிமிசத்தில ட்ரம்ஸ் நிண்டு பேஸ் மட்டும் போகுது எண்ட மாதிரி. அப்பிடி எழுதப் பழகினால் கேக்கிற காதே மாறும்.

ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கிற மச்சான்மாரிட்டக் கேக்கேக்க நல்ல பாண்ட் என்ன இருக்கு எண்டு கேக்காதேங்கோ, நூறு பாண்டின்ர பேர் வரும், ஒண்டும் கேக்க மாட்டீங்கள். கடைசியா நேரில போய்ப் பாத்த பாண்ட் எது, அதில எந்த அல்பத்தை முதல் கேக்க எண்டு கேளுங்கோ. அனுப்பேக்கையும் அப்பிடித்தான், பத்து லிங்க் அனுப்பினால் ஒண்டையும் திறக்காயினம், ஒண்டை மட்டும் அனுப்பி எந்த நிமிசத்தில கவனிக்க வேணும் எண்டு எழுதுங்கோ. நேரில ஆராவது வாசிக்கினம், பள்ளிக்கூட மண்டபமோ கொழும்போ எங்கயும் எண்டால், மேடைக்கு முன்னால இடிபடாமல் சத்தத்தைக் கட்டுப்படுத்திற மிக்சர் மேசைக்குக் கிட்டப் போய் நில்லுங்கோ, அங்க தான் எல்லா வாத்தியமும் சரி அளவில கேக்கும், காதுக்கு இயர்பிளக் கொண்டுபோங்கோ.

கடைசியா ஒண்டு, இதைக் கன பேர் செய்யிறேல்லை. சின்ன பாண்டுகளுக்கு எழுதுங்கோ. சென்னையிலயோ கண்டியிலயோ கொச்சியிலயோ இருக்கிற ஒரு பாண்டின்ர பாட்டுப் பிடிச்சால் அவையின்ர இன்ஸ்டாவிலயோ ஈமெயிலிலயோ, யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன், இந்தப் பாட்டில இந்த இடம் பிடிச்சுது எண்டு ரெண்டு வரி போடுங்கோ, சின்ன பாண்டுகள் பெரும்பாலும் மறுமொழி போடுவினம், அவைக்கும் அது பெரிய சந்தோசம். மறுமொழி வந்தால் நீங்கள் இப்ப ஆரைக் கேக்கிறீங்கள் எண்டு கேளுங்கோ. வாற பேர்களை அப்பிடியே கொப்பியில எழுதிப்போட்டு, முதலாவது பேரில இருந்து தொடங்குங்கோ.